புனைபெயரில் வரைந்தால் ஆபீஸ் கேட்காதா?

கேள்வி: நான் டெல்டா மாவட்டம் ஒன்றில், தலைமை அஞ்சலகத்தில் போஸ்டல் அசிஸ்டென்ட். வயது 34, ஒன்பது வருட சர்வீஸ். சின்ன வயதிலிருந்தே படம் வரைவேன். நாலு வருடமாக ஒரு புனைபெயரில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கார்ட்டூன் போட்டு வருகிறேன். பெரும்பாலும் ஆபீஸ், பஸ், வீடு. நடுநடுவே அரசியல். போன மழைக்கு ஒன்று போட்டேன். தெருவெல்லாம் வெள்ளம், தோணியில் வரும் தபால்காரர், கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் கரைவேட்டிக்காரரிடம் ஸ்பீடு போஸ்ட் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். கவரின் மேல் 'மழைநீர் வடிகால் திட்ட அறிக்கை' என்று இருக்கும். அது நிறையப் பேரிடம் சுற்றி, கடைசியில் எங்கள் கோட்ட வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. வரைந்தது நான்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "உடனே எடுத்துடுங்க, இனிமே இதெல்லாம் வேண்டாம்" என்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. இதே நேரத்தில் ஒரு இணைய இதழ், வாரம் ஒரு கார்ட்டூனுக்கு 800 ரூபாய் தருகிறோம் என்கிறது. சங்கத்து அண்ணன், "மாநில அரசைத்தானே கிண்டல் பண்ணினே, நாம சென்ட்ரல் கவர்மென்ட், ஒண்ணும் ஆகாது, திரிபுரா தீர்ப்பே இருக்கு" என்கிறார். மனைவியோ, "ரூல் 38-ல சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் கேட்டுக் காத்துக்கிட்டிருக்கோம், இப்போ இது எதுக்கு" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்? பயந்து பயந்து வரைந்தால் அது வரைதலா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பார்த்தேன். நல்ல படம். தோணியில் நிற்கும் தபால்காரர் ஒரு கையால் கையெழுத்துத் தாளை நீட்டிக்கொண்டே, மறு கையால் மிச்சக் கடிதங்களை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். கரைவேட்டிக்காரரின் முகத்தைவிட அந்தக் கைதான் எனக்குப் பிடித்தது. தினமும் தபால்காரர்களோடு பழகுகிறவருக்குத்தான் அப்படி வரையத் தோன்றும். எந்த இலாகாக்காரர் வரைந்தது என்று கண்டுபிடிக்கவும் அந்தக் கை ஒன்றே போதும் என்பது வேறு விஷயம்.

சர்வீஸ் வழக்குகள் பார்க்கிறவள் என்பதால் நான் அடுத்துப் பார்த்தது படம் ஏற்றப்பட்ட நேரத்தை. செவ்வாய்க்கிழமை காலை 11.42. கீழே உருட்டிக்கொண்டே போனேன். இன்னும் சில படங்கள் பிற்பகல் இரண்டு, இரண்டரைக்குப் போட்டவை. நீங்கள் முந்தின இரவே வரைந்து முடித்து, டீ குடிக்கப் போன இரண்டு நிமிடத்தில் போனில் ஏற்றியிருப்பீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மேல் குற்றச்சாட்டு தயாரிக்க உட்காரும் ஒருவருக்குக் கருத்துச் சுதந்திரம், அரசியல் சாசனம் என்ற தலைவலியே வேண்டாம். கவுன்டரில் வரிசை நின்றிருந்த நேரத்தில் ஊழியர் கார்ட்டூன் ஏற்றிக்கொண்டிருந்தார் என்று எழுதி, நடத்தை விதி 3-ஐ, அதாவது கடமையில் ஈடுபாடு இல்லை என்பதை, சேர்த்தால் போதும். அந்தக் குற்றச்சாட்டுக்கு எந்தத் தீர்ப்பும் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது இது: ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் இணையத்தில் உங்கள் பக்கத்தைத் தொடாதீர்கள். கமென்ட்டுக்குப் பதில் போடுவதும் இதில் சேர்த்திதான்.

இப்போது புனைபெயருக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கை ஓடுகிறது: சொந்தப் பெயரில் போடவில்லை, அதனால் பாதிக்குமேல் தப்பித்துவிட்டோம் என்று. உங்களுக்குப் பொருந்துவது மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964. அதில் 9-ஆவது விதி அரசை விமர்சிப்பது பற்றியது. அந்த விதியை எழுதியவர்கள் உங்களைப் போன்றவர்களை நினைத்தே எழுதியிருக்கிறார்கள். சொந்தப் பெயரில் வெளியிட்டாலும், பெயரே இல்லாமல் வெளியிட்டாலும், புனைபெயரில் வெளியிட்டாலும், இன்னொருவர் பெயரில் வெளியிட்டாலும் ஒன்றுதான் என்று வரிசையாக அதிலேயே சொல்லியிருக்கிறது. மனைவி பெயரில் கணக்கு ஆரம்பிக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்களோ என்றுதான் கடைசி வகையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புனைபெயரால் பலன் இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. அதனால் ஒரு கெடுதலும் உண்டு. நாளைக்கு மெமோவில் "இந்தப் பக்கம் உங்களுடையதா?" என்று கேட்டால், புனைபெயர் கொடுத்த தைரியத்தில் பலர் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அதுவரை விவாதத்துக்குரிய ஒரு கார்ட்டூனாக இருந்தது, அந்த ஒரு சொல்லால் நேர்மையின்மை ஆகிவிடுகிறது. விமர்சனம் செய்தவருக்காக நான் தீர்ப்பாயத்தில் ஒரு மணி நேரம் வாதாடுவேன். எழுத்தில் பொய் சொன்னவருக்காகப் பேச எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.

சங்கத்து அண்ணன் சொன்னதில் முதல் பாதி தவறு. மத்திய அரசு ஊழியர் மத்திய அரசை மட்டும்தான் விமர்சிக்கக் கூடாது, மாநில அரசை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது நம் ஆபீஸ்களில் ரொம்ப நாளாகப் புழங்குகிற கதை. விதி 9 சொல்வது, மத்திய அரசோ ஒரு மாநில அரசோ சமீபத்தில் எடுத்த கொள்கை முடிவையும் நடவடிக்கையையும் பாதகமாக விமர்சிக்கும் விளைவு உடைய எதையும் வெளியிடக் கூடாது என்று. மாநில அரசும் அதில் இருக்கிறது. போதாததற்கு, மத்திய மாநில உறவுக்குச் சங்கடம் உண்டாக்கும் கருத்து என்று தனியாக ஒரு பிரிவும் இருக்கிறது. வடிகால் போடுவது மாநகராட்சி, அது அரசே அல்ல, உள்ளாட்சி அமைப்பு என்று நான் வாதாடலாம். கார்ட்டூன் என்பது "கூற்று" ஆகுமா, படத்தில் எந்த அரசின் பெயராவது இருக்கிறதா என்றும் கேட்கலாம். எல்லாம் நல்ல வாதங்கள்தான். நீங்கள் மெமோ வாங்கிய பிறகு உதவும் வாதங்கள் அவை. மெமோ வராமல் தடுக்க உதவாதவை.

அண்ணன் சொன்ன இரண்டாம் பாதியில் விஷயம் இருக்கிறது. திரிபுரா தீர்ப்பு உண்மையானது, நல்ல தீர்ப்பும்கூட. அங்கே மீன்வளத் துறையில் எழுத்தராக இருந்த ஒரு பெண்மணி, ஒரு கட்சியின் பேரணிக்குப் போனார், ஃபேஸ்புக்கில் அரசியல் பதிவு போட்டார் என்று, ஓய்வு பெறச் சில நாட்களே இருந்தபோது, 2018-இல் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2020 ஜனவரியில் தலைமை நீதிபதி அகில் குரேஷி அந்த நடவடிக்கையை ரத்து செய்தார். அரசு ஊழியர் ஆகிவிட்டதால் பேச்சுரிமை போய்விடாது, கூட்டத்துக்குப் போவதும் அரசியலில் பங்கெடுப்பதும் ஒன்றல்ல என்பது அதன் சாரம். ஆனால் அண்ணன் கவனிக்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அந்த வழக்கு கட்சி அரசியலில் பங்கெடுப்பதைத் தடுக்கும் விதியைப் பற்றியது. அரசின் நடவடிக்கையை விமர்சிக்கும் விதி அங்கே மையமாக இல்லை. தவிர, அது இன்னொரு மாநிலத்தின் உயர்நீதிமன்றம். சென்னையில் அதை எடுத்துக்காட்டலாம், கட்டாயப்படுத்த முடியாது.

அதைவிட நமக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு கிராம வங்கி ஊழியரின் வழக்கை விசாரித்தார். ஊழியர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கேலி செய்து சில பதிவுகள் போட்டார் என்று அவருக்குக் குற்றச்சாட்டு மெமோ. நீதிபதி அதை ரத்து செய்தார். மேலதிகாரியைப் பற்றி நாலு பேர் தங்களுக்குள் புலம்புவது எல்லா ஆபீஸிலும் நடப்பது, மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு என்ற கருத்தில் அமைந்த தீர்ப்பு. படிக்கவே சந்தோஷமாக இருக்கும். உங்கள் நிலைமை என்ன? உங்கள் கோட்ட வாட்ஸ்அப் குழுவில் நீங்களாகப் போட்டு, அது அங்கேயே நின்றிருந்தால் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் ஊர் முழுக்கப் பார்க்கும்படி பொதுவில் வைத்தீர்கள். குழுவுக்கு அது பிற்பாடுதான் வந்தது.

எதிர்ப்பக்கத் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன். 1962-இல் காமேஸ்வர் பிரசாத் வழக்கில், அரசு வேலைக்கு வந்தவர் அடிப்படை உரிமைகளை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதில்லை என்று உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. பீகார் அரசு ஊழியர்கள் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதி அதில் அடிபட்டது. ஆனால் 1998-இல் தேவேந்திரப்பா வழக்கில் அதே நீதிமன்றம், தன் நிறுவனத் தலைமையைக் குறைகூறி ஆளுநருக்கு எழுதி, பத்திரிகைக்கும் அறிக்கை கொடுத்த கர்நாடக அரசு நிறுவன ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்தைச் சரி என்றது. நிறுவனத்தின் ஒழுங்கும் செயல்திறனும் கெடும்படி பேச்சுரிமையைப் பயன்படுத்த முடியாது என்று காரணம் சொன்னது. உங்கள் கார்ட்டூன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. என்னைக் கேட்டால் 1962 பக்கம்தான் அதிகம் சாய்கிறது. தெருவில் தண்ணீர் நிற்பதை வரைந்ததால் அஞ்சல் துறையின் எந்த வேலை கெட்டுப்போனது?

விதியைப் பற்றி என் சொந்த அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொள்கை வகுக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும் செயலாளர், அந்தக் கொள்கையை மறுநாள் பத்திரிகையில் திட்டக் கூடாது என்பது நியாயம். அதே விதியை அதே சொற்களில், பார்சல் எடை போட்டு ரசீது கொடுக்கும் ஊழியருக்கும் பொருத்துவது அதிகப்படி. ஆங்கிலேயர் காலத்தில் ஊழியனின் வாயைக் கட்டப் போட்ட விதிகளின் வாசனை இன்னும் இதில் போகவில்லை. மாற்ற வேண்டும். யாரோ ஒருவருடைய வழக்கில் மாறும் என்றும் நம்புகிறேன். அந்த யாரோ நீங்களாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை மட்டும் ரூல் 38-ஐயும் மனத்தில் வைத்து யோசியுங்கள்.

ஏனென்றால் இப்படிப்பட்ட வழக்குகளில் கடைசியில் ஜெயித்தவர்கள்கூட நிறையக் காலத்தை இழந்திருக்கிறார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மேற்கு வங்க முதலமைச்சரைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக 2012 ஏப்ரலில் கைதானார். வழக்கிலிருந்து முழுமையாக விடுபட்டது 2023 ஜனவரியில். நடுவே 2015-இல், இத்தகைய கைதுகளுக்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அப்படியும் இவ்வளவு காலம். நம் ஊரில் 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் விடாமல் வழக்காடி, பல வருடம் கழித்து வென்று வாங்கிய இழப்பீடு ஆயிரம் ரூபாய். அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகையே இருந்தது. உங்களுக்குப் பின்னால் இருப்பது வீட்டுக் கடன் தவணை. அதைக் கடிதத்தின் பின்குறிப்பில் நீங்களே எழுதியிருந்தீர்கள்.

சரி, மோசமாகப் போனால் என்ன நடக்கும்? வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஒரு கார்ட்டூனுக்கு, முதல் தடவைக்கு, நடைமுறையில் வருவது பெரும்பாலும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதை மீறினால் ரூல் 16 சார்ஜ் ஷீட் (இது நடத்தை விதி இல்லை, ஒழுங்கு நடவடிக்கைக்கான தனி விதிகளில் வருவது). சிறு தண்டனைக்கான வழி அது. கண்டனம் என்று பதிவேட்டில் ஏறலாம், இன்கிரிமென்ட்டைக் கொஞ்ச காலம் நிறுத்தலாம். சம்பள நஷ்டம் பெரிதாக இருக்காது. ஆனால் துறை நடவடிக்கை நிலுவையில் இருக்கிறவரின் டிரான்ஸ்பர் விண்ணப்பம் நகராமல் கிடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் மனைவி சட்டம் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் வழக்கில் எது நிஜமாகப் பணயத்தில் இருக்கிறது என்பதை உங்களையும் அண்ணனையும்விடச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

கண்காணிப்பாளர் வாய்மொழியாகச் சொன்னதை என்ன செய்வது? அவர் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை என்றுதான் படுகிறது. கெடுதல் செய்ய நினைக்கிறவர் கூப்பிட்டுப் பேச மாட்டார், எழுத்தில் கேட்பார். இந்தப் படத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுப்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எடுப்பதற்கு முன்னால் முழுப் பதிவையும், தேதி, நேரம், நீங்கள் எழுதிய வரி, கீழே உள்ள கமென்ட்கள் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இது முக்கியம். நாளைக்கு மெமோவோடு வரும் நகலில் யாரோ ஒருவர் மேலே எழுதிச் சேர்த்த வசை வரியும் உங்களுடையது போல ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்துக்கு இது எப்போதும் நடக்கிறது. அப்போது உங்கள் கையில் அசல் இருக்க வேண்டும். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று குழுவில் விசாரணை நடத்த வேண்டாம். குழுவில் வருத்தம், விளக்கம், கோபம், எதையும் எழுத வேண்டாம்.

அந்த 800 ரூபாய் விஷயத்தில்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமான கவலை. கார்ட்டூனை விட்டுவிட்டு அதையே அதிகம் யோசித்தேன். நடத்தை விதி 15, தனியார் தொழிலும் வேலையும் முன் அனுமதி இல்லாமல் கூடாது என்கிறது. ஆனால் அதே விதியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது: இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த, எப்போதாவது செய்யும் வேலைக்கு முன் அனுமதி தேவையில்லை, ஆபீஸ் வேலை கெடக் கூடாது, அரசு நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும் வேண்டும். நீங்கள் நாலு வருடம் வரைந்தது இந்த ஜன்னல் வழியாகத்தான். வாரம் ஒன்று, வருடம் முழுக்க, ஒப்புக்கொண்ட கூலிக்கு என்று ஆகும்போது "எப்போதாவது" என்ற சொல் தாங்காது. அதோடு, தனியார் யாருக்காகச் செய்த வேலைக்கும் கட்டணம் வாங்க உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று அந்த விதியிலேயே இன்னொரு இடத்தில் இருக்கிறது. 800 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் வாராவாரம் விழும்போது அது மறுக்க முடியாத ஆவணம். அரசியல் கார்ட்டூனுக்கு நான் வாதாட ஒரு அரசியல் சாசனம் இருக்கிறது. அனுமதி வாங்காமல் வாங்கிய பணத்துக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே இதழுக்கு இன்னும் சம்மதம் சொல்லாதீர்கள். முதலில் அனுமதி கேளுங்கள். போஸ்ட்மாஸ்டர் வழியாகக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்க விண்ணப்பம் போதும். இன்ன இதழ், மாதம் இத்தனை படம், இவ்வளவு தொகை, அலுவலக நேரத்துக்கு வெளியே வீட்டில் வரைவது, அன்றாட வாழ்க்கை பற்றிய நகைச்சுவைச் சித்திரங்கள், அரசின் கொள்கை, நடவடிக்கை எதைப் பற்றியும் இருக்காது, கருத்துகள் சொந்தக் கருத்துகள் என்ற குறிப்பு இடம்பெறும், வருமானத்தைக் கணக்கில் காட்டுவேன். இவ்வளவுதான் எழுத வேண்டும். அரசியல் சாசனப் பிரிவு எண் எதையும் போட்டுவிடாதீர்கள், விண்ணப்பம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி தெரியும். வாரம் ஒன்று என்பதை மாதம் இரண்டாகக் குறைத்துக் கேட்டால் அனுமதி கிடைப்பது சுலபம் என்பது என் அனுபவம். கொடுத்ததற்கு நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை குத்துவது உங்கள் ஆபீஸின் அன்றாட வேலை, நமக்கும் ஒன்று குத்திக்கொள்வதில் தப்பில்லை.

இப்படி எழுதிக் கேட்டால் மாட்டிக்கொள்வோமே என்று தோன்றும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டுவிட்டீர்கள், கண்காணிப்பாளருக்குத் தெரியும். தெரிந்த பிறகு ஒளிந்து வரைவதைவிட, இன்னார் படம் வரைகிறவர் என்று கோப்பில் முறையாக ஏறுவது உங்களுக்குப் பாதுகாப்பு. நம் மொழியில் பெரிய பெயர் எடுத்தவர்கள் பலர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே எழுதியவர்கள்தான். தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் இருந்தார். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியர். அவர் மனைவி பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டதற்குக் காரணம் ரங்கராஜன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு எழுத்தாளர் பிரபலமாக இருந்தார் என்பது. ஆபீஸுக்குத் தெரியக் கூடாது என்று வைத்த பெயர் இல்லை அது. இந்தியில் ஸ்ரீலால் சுக்ல, உத்தரப்பிரதேச அரசில் அதிகாரியாக இருந்துகொண்டே, கிராமத்து அரசியலையும் அரசு இயந்திரத்தையும் கிழித்துத் தொங்கவிட்ட நாவலை 1968-இல் சொந்தப் பெயரில் வெளியிட்டார். மறு வருடம் சாகித்ய அகாதெமி விருது வந்தது. அதில் ஒரு கற்பனைக் கிராமம் இருக்கிறது, கற்பனை மனிதர்கள் இருக்கிறார்கள். எந்த அமைச்சரின் எந்த உத்தரவையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. படித்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். பயந்து பயந்து வரைந்தால் அது வரைதலா என்று கேட்டிருந்தீர்கள். நான் மனநல ஆலோசகரும் இல்லை, ஓவிய ஆசிரியையும் இல்லை. உங்கள் பக்கத்தில் உள்ள படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் அரசியல் படங்களில் பாதி, அன்றைக்கு எல்லோரும் போட்ட மீம்களின் இன்னொரு பிரதி. கோபம் இருக்கிறது, கண் இல்லை. வடிகால் படம் விதிவிலக்கு, அதிலும் தபால்காரரால்தான். மாறாக, கவுன்டர் படங்களைப் பாருங்கள். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் துணி, துணிக்குள் பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருக்கும் பாட்டி. பின்னால் நீளும் வரிசை. கடைசியில் பாட்டி பாஸ்புக்கை எடுக்கும்போது கவுன்டரில் 'சர்வர் டவுன்' அட்டை. அரசாங்கம் என்ற ஒன்று சாதாரண மனுஷிக்கு எப்படித் தெரிகிறது என்பதை அதைவிடக் காரமாக உங்கள் அரசியல் படம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு மெமோ தயாரிக்க உட்காருகிறவர் முதல் வரியிலேயே திணறிப்போவார். எந்தக் கொள்கையை விமர்சித்தார் என்று எழுதுவது?

அப்படி வரையும்போதும் ஒரு எல்லை உண்டு. நிஜமான வாடிக்கையாளரின் சாயல், பெயர், கணக்கு, தொகை எதுவும் வரக் கூடாது. அது விமர்சனம் சம்பந்தப்பட்டதே இல்லை, ஆபீஸ் தகவலை வெளியே விட்டதாக ஆகிவிடும். சக ஊழியரை அடையாளம் தெரியும்படி வரைந்து கிண்டல் செய்வதும் வேண்டாம், குறிப்பாகப் பெண் ஊழியர்களை. பத்துப் பாட்டிகளைச் சேர்த்து ஒரு பாட்டி ஆக்குங்கள். ராஜா காலத்துக் கதையாக மாற்றி வரைந்தால் தப்பிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நேற்றைய செய்தியை அப்படியே எடுத்து ஆளுக்குக் கிரீடம் மட்டும் வைத்தால் விசாரணை அதிகாரிக்கும் புரியும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் கணக்கே வேறு. விதி 5 கட்சி அரசியலை முழுக்கத் தடுக்கிறது. வாக்களிக்கலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது. சட்டையிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்சியாக வைப்பதுகூடச் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கருதப்படும் என்று அந்த விதியின் விளக்கத்தில் இருக்கிறது. வண்டியில் ஸ்டிக்கருக்கே இந்தக் கதி என்றால், சின்னத்தை வைத்து வரையும் கார்ட்டூனை யோசித்துப் பாருங்கள். உங்களையே தேர்தல் பணிக்கும் போடுவார்கள். அந்தக் காலத்தில் அரசியல் படம் பக்கமே போக வேண்டாம், பழையவற்றை மறுபடி பகிரவும் வேண்டாம். இதில் நான் எந்த வாதத்தையும் கையில் வைத்திருக்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கார்ட்டூனிஸ்ட் ஆகலாமா என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் எட்டிப்பார்த்தது. 800 ரூபாய் வீதம் வாரம் ஒரு படம் என்றால் மாதத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கண்காணிப்பாளர் மேல் உள்ள கோபத்தில் ராஜினாமா எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபம் ஒரு வாரம் இருந்தது. ராஜினாமா செய்தால் செய்த சர்வீஸும் போகும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். வரிசையும் எண்ணும் வேறு, போக்கு கிட்டத்தட்ட இதேதான். கிராம அஞ்சல் ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு. தனியார் கம்பெனிக்காரர்கள் நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சிரிக்க வேண்டாம். பேச்சுரிமையை அரசுக்கு எதிராகக் கேட்கலாம், முதலாளியிடம் அப்படிக் கேட்பது சுலபமில்லை. சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் சோஷியல் மீடியா பற்றியும் பக்க வருமானம் பற்றியும் என்ன இருக்கிறது என்று இன்றைக்காவது பாருங்கள்.

கடைசியாக, உங்களுக்கு. இதற்குள் எழுத்தில் ஏதாவது வந்துவிட்டால் வாங்க மறுக்காதீர்கள். தேதி போட்டு வாங்குங்கள். பதில் தர எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், ரூல் 16 என்றால் வழக்கமாகப் பத்து நாள் இருக்கும். ஆதாரமாகக் காட்டிய படத்தின் நகலைக் கேட்டு முதலில் ஒரு கடிதம் கொடுங்கள், அது வந்த பிறகு பதில் எழுதலாம். பக்கம் என்னுடையது, படம் நான் வரைந்தது, அலுவலக நேரத்தில் வரைந்ததில்லை, எந்த அரசின் பெயரும் அதில் இல்லை, சொன்னவுடன் எடுத்துவிட்டேன் என்று ஐந்து வரி போதும். மன்னிப்பு என்ற சொல்லை அண்ணனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். "வருந்துகிறேன்" வரைக்கும் போகலாம், "குற்றம் செய்தேன்" என்று எழுத வேண்டாம். அதையும் மீறித் தண்டனை உத்தரவு வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதில் தோற்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது, அதற்கு ஒரு வருடம் அவகாசம். பதிலை அனுப்புவதற்கு முன் யாராவது ஒரு சர்வீஸ் வக்கீலிடம் காட்டிவிடுங்கள், சங்கத்திலேயே இருப்பார்கள். அந்தப் பாட்டி படத்தையும் கோப்பில் சேர்த்துக் கொண்டுபோங்கள், நீங்கள் என்ன மாதிரியான ஆள் என்று அவருக்குத் தெரிய உதவும்.